கணவரை ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள்; கையெழுத்துப் போடலாமா?

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு 41 வயது. கன்டெய்னர் யார்டு ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. எட்டு மாதங்களுக்கு முன், இரவு ஷிப்ட் முடிந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வண்டியில் திரும்பியபோது டிரெய்லர் லாரி உரசிக் கீழே விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முதலில் வெளியே கம்பி கட்டினார்கள்; பிறகு எலும்புக்குள் கம்பி செலுத்தினார்கள்; எலும்பு கூடவில்லை, சீழ் பிடித்தது. ஐந்து வாரங்களுக்கு முன் உள்கம்பியை எடுத்து, செத்துப்போன எலும்பை வெட்டி நீக்கி, ஏற்பட்ட 4 செ.மீ. இடைவெளியில் ‘சிமென்ட்’ வைத்து, மறுபடியும் வெளியே ஃபிக்சேட்டர் (எலும்பை வெளியிலிருந்து அசையாமல் பிடிக்கும் கம்பிச் சட்டம்) பொருத்தியிருக்கிறார்கள். அடுத்த அறுவை சிகிச்சையில் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே நிரப்ப வேண்டும் என்கிறார் அரசு மருத்துவமனை மருத்துவர். அதோடு, தங்கள் துறையில் ஓர் ஆய்வு நடக்கிறது என்றும், விருப்பமிருந்தால் சேரலாம் என்றும், சேர்ந்தால் குலுக்கல் முறையில் சிலருக்குச் சொந்த எலும்பு மட்டும், சிலருக்குச் சொந்த எலும்போடு கால்சியம் பாஸ்பேட் குருணையும் கலந்து வைப்பார்கள் என்றும் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சகோதரி எழுதுகிறார்: “எங்களைச் சோதனை எலியாக நினைக்கிறார்களா? காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறவர்களிடம் இதைக் கேட்பார்களா? முடியாது என்றால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அவருக்குச் சொன்னால் உடைந்துபோவார், அதனால் நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா?” சிமென்டும் ரசாயனமும் உடம்புக்குள் இருந்தால் புற்றுநோய் வருமா என்றும் கேட்கிறார். மாமியார் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்கிறாராம். தம்பியோ, ரூபாய் 2,80,000-க்கு மூன்று ஸ்டெம் செல் ஊசி (பலவகைத் திசுவாக வளரக்கூடிய மூலச் செல்களைச் செலுத்துவது) போட்டால் எலும்பு நிச்சயம் வளரும் என்று சொல்லும் ஒரு தனியார் கிளினிக்கைப் பிடித்துவிட்டாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஆய்வில் சேர மறுப்பதற்காக உங்கள் கணவருக்குக் கொடுக்க வேண்டிய சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது, தாமதப்படுத்தவும் முடியாது. அது மருத்துவரின் பெருந்தன்மையைச் சார்ந்த விஷயமும் அல்ல. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்விலும் பங்கேற்பவரின் சுயவிருப்பமான ஒப்புதல் வேண்டும் என்பது 1947-இல் நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் நியூரம்பெர்க் தீர்ப்பில் முதல் விதியாக எழுதப்பட்டது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. ‘வேண்டாம்’ என்ற பதிலுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமைகூட உங்களுக்குக் கிடையாது. சேர்ந்த பிறகு நடுவில் விலகுவதற்கும் உரிமை உண்டு.

காசு கொடுப்பவரிடம் கேட்பார்களா என்று நீங்கள் எழுதியிருப்பதை மிகைப்பட்ட சந்தேகம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். மருத்துவ ஆராய்ச்சியின் சுமை ஏழைகள் மேலும் கைதிகள் மேலும் விழுந்த வரலாறு உலகெங்கும் உண்டு. அதனால்தான் பொருளாதாரத்தில் நலிந்தவர்களைக் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்று அதே நெறிமுறைகள் தனியாகக் குறிப்பிடுகின்றன. அதே வேளையில் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்ட திறந்த முறிவுகள் யாருக்கு வருகின்றன? கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். அவர்கள் வந்து சேருவது அரசு மருத்துவமனைக்குத்தான். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவை மருத்துவர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பியதும், அது கைகளுக்கான ஆராய்ச்சி, மறுவாழ்வு நிறுவனமாக வளர்ந்ததும் இயந்திரத்தில் நசுங்கிய தொழிலாளர்களின் கைகளைச் செப்பனிட்டுத்தான். நோய் இருக்கும் இடத்தில் ஆராய்ச்சி நடப்பது முறையே. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

காலுக்குள் இப்போது இருப்பது என்ன

அது வீடு கட்டும் சிமென்ட் அல்ல. பல் செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த பொருள். 1950-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்த இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். அன்றிலிருந்து எங்கள் எலும்பு அறுவை சிகிச்சைத் துறையில் அன்றாடப் பொருளாகிவிட்டது. அறுவை அரங்கில் வெள்ளைப் பொடியையும் ஒரு திரவத்தையும் கிண்ணத்தில் கலப்போம். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். மாவு பதத்துக்கு வந்ததும் கையுறையோடு உருட்டி இடைவெளியில் வைப்போம். சுமார் பத்து நிமிடத்தில் சூடாகி, கல்லாக இறுகிவிடும். அதனோடு ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்திருப்பார்கள். இரத்த ஓட்டம் கெட்டுப்போன இடத்துக்கு ஊசி மருந்து போதிய அளவில் போய்ச் சேராது. சிமென்டிலிருந்து கசியும் மருந்து அங்கேயே வேலை செய்யும்.

ஆனால் அந்தச் சிமென்ட் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை. அதைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய சவ்வை உண்டாக்கும். இரத்தக் குழாய்கள் நிறைந்த அந்தச் சவ்வு, எலும்பு வளரத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சவ்வைக் கவனமாகப் பிளந்து, சிமென்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் எலும்புத் துணுக்குகளை நிரப்பித் தைப்பார்கள். 1980-களில் பிரான்ஸில் அலன் மாஸ்க்லே என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறை இது. அப்படியானால் உங்கள் கணவருக்கு நடந்துகொண்டிருப்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. ஆய்வுக்காகச் செய்யப்பட்டது அல்ல. அந்தப் பைக்குள் எதை நிரப்புவது என்பது மட்டுமே ஆய்வின் கேள்வி.

குருணை எதற்கு, குலுக்கல் எதற்கு

இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் சொந்த எலும்புக்கு நிகரான பொருள் இன்றுவரை இல்லை. அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் எடுக்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. எடுத்த இடத்தில் சிலருக்கு மாதக்கணக்கில் வலியும் மரத்துப்போதலும் இருக்கும். அதனால்தான் அதனோடு வேறு எதையாவது கலந்து அளவைப் பெருக்க முடியுமா என்று நெடுங்காலமாகத் தேடுகிறார்கள். கால்சியம் பாஸ்பேட் அந்தத் தேடலில் இயல்பாக முன்னால் வந்தது; எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த வகைத் தாதுதான். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். (கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற அமைப்பை 1954-இல் வெளியிட்டவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.)

குருணை தானாக எலும்பாக மாறாது. அவரைக்கொடிக்குப் பந்தல் போடுவதைப் போல, வளரும் எலும்பு பற்றிப் படர அது இடம் கொடுக்கிறது; கொடி சொந்த எலும்பிலிருந்துதான் வர வேண்டும். பிறகு குருணையின் வகையைப் பொறுத்து அது மெல்லக் கரையலாம், சில துணுக்குகள் வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் தெரியவும் செய்யலாம். இப்பொருள்கள் மனித உடலில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றால் புற்றுநோய் வருவதாகச் சான்று இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: குருணையோடு எலும்பு வளர்ச்சிப் புரதமோ வேறு மருந்தோ கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் அதன் பக்கவிளைவுகள் வேறு. அவற்றைத் தனியாக விளக்க வேண்டும்.

குலுக்கலைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எது நல்லது என்று தெரிந்திருந்தும் மருத்துவர் குலுக்கிப் போட்டால் அது பாவம்தான். இரண்டில் எது மேல் என்று நேர்மையாகத் தெரியாத நிலையில் மட்டுமே அப்படிப்பட்ட ஆய்வை நடத்தலாம். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தன்னையறியாமல் இளையவர்களையும் நல்ல தோலுள்ள கால்களையும் ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். பிறகு கிடைக்கும் விடை எதற்கும் உதவாது. சீட்டு அந்தச் சாய்வைத் தடுக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் உங்களுக்குத் தெளிவாக வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் வேறோர் இடத்தில் “புது மருந்து என்றால் சீக்கிரம் குணமாகுமோ” என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வில் சேர்வதால் உங்கள் கணவருக்கு இன்னும் நல்ல சிகிச்சை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் அது தவறு. குருணை கலந்த பக்கம் வந்தாலும் எலும்பு கூடாமல் போகலாம், சீழ் திரும்பலாம். சொந்த எலும்பு மட்டும் வைத்தாலும் அவை நடக்கலாம். ஆய்வில் சேர்ந்தவர்களைக் குறித்த நாளில் அழைத்து எக்ஸ்ரே எடுத்துக் கவனமாகப் பார்ப்பார்கள் என்பது நடைமுறையில் ஓர் அனுகூலம். இனி இதேபோல் அடிபட்டு வருகிறவர்களுக்கு அது பயன்படும் என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்காகச் சேர்வதென்றால் சேரலாம்.

ஆய்வே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஆய்வுக்கு வெளியே சொந்த எலும்பை மட்டும் வைத்துச் செய்துகொள்ளலாம். இல்லையென்றால், காலைச் சுற்றிப் பொருத்தும் இலிசாரோவ் வளையம். சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் கவ்ரீல் இலிசாரோவ் வளர்த்தெடுத்த முறை அது. எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, நாளொன்றுக்கு 1 மி.மீ. வீதம், அதையும் நான்கு தவணையாக, நகர்த்தி இடைவெளியை மூடுவார்கள். இடுப்பெலும்பைத் தொட வேண்டிய தேவை குறையும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் என்பது எங்கள் கைக்கணக்கு, 4 செ.மீ. என்றால் ஆறு மாதமளவு வளையத்தோடு இருக்க வேண்டும், கம்பி நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். சவ்வு உருவாகியிருக்கும் இந்தக் கட்டத்தில், தொடங்கிய வழியிலேயே போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு காரணம் சொன்னால் அவர் சொல்வதே முதன்மை.

கையெழுத்துக்கு முன்

நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. உங்கள் கணவர் சுயநினைவோடு, தானே முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறார், கால் அவருடையது. அவருக்குத் தெரியாமல் நீங்கள் போடும் கையெழுத்து சட்டப்படியும் செல்லாது, பின்னால் அவருக்குத் தெரியவரும்போது மனத்தையும் அதிகம் புண்படுத்தும். எட்டு மாத வேதனையைத் தாங்கியவர் இந்தச் செய்தியால் உடைந்துபோவார் என்று நான் நினைக்கவில்லை. அவரையும் உட்கார வைத்து மருத்துவரை விளக்கச் சொல்லுங்கள். அவருக்குப் படிக்க வராது என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கும்போது முழுவதையும் படித்துக்காட்ட வேண்டும்.

ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். தமிழில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். கையெழுத்திட்ட பிறகு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, இவற்றையும் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

குருணை ஏற்கெனவே விற்பனை உரிமம் பெற்ற பொருளா, இன்னும் சோதனை நிலையில் உள்ளதா? சோதனை நிலையில் உள்ளதென்றால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டிய பொறுப்பும் அதே விதிகளில் உண்டு. எப்படியிருந்தாலும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருப்பதில்லை. சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். குழுவின் செயலாளரைத் தொடர்புகொள்ளும் எண் தகவல் தாளிலேயே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, எண் என்ன? 2007-இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். கூடுதல் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைகளுக்கான செலவு யாருடையது? ஆய்வுக்காக மட்டும் செய்யப்படும் எதற்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. வந்துபோகும் செலவு கிடைக்குமா என்றும் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நடுவில் விலகினால் உள்ளே வைத்த குருணையை எடுக்க முடியாது என்பதால், விலகிய பிறகும் பரிசோதனை தொடருமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்கச் சொல்வது ஆய்வைப் பற்றியதே அல்ல: “சீழ் முழுவதும் போய்விட்டதா? ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இறங்கியிருக்கின்றனவா?” (இவை உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகள்.) கிருமி மிச்சமிருக்கும் இடத்தில் எதை நிரப்பினாலும் வீண். இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை அடுத்த அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். முடிவுக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்பதால் எந்தத் தீங்கும் வராது.

புத்தூர் கட்டும் ஸ்டெம் செல் ஊசியும்

உங்கள் மாமியார் அன்பினால் சொல்கிறார். தோல் கிழியாத எளிய முறிவோடு ஆந்திராவின் புத்தூருக்குப் போய்க் குணமாகி வந்தவர்களை அவர் பார்த்திருப்பார். இங்கே எலும்பில் 4 செ.மீ. இல்லவே இல்லை, சீழ் பிடித்த கால், வெளியே ஃபிக்சேட்டர். இதை எடுத்துவிட்டு மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் காலையே இழக்க நேரிடலாம். இதை நானே சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டெம் செல் கிளினிக்கைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனியாக வெளியிட்ட 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இரத்த நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றவை எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வென்றால் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. உங்களிடம் 2,80,000 ரூபாய் கேட்பவர் செய்வது ஆய்வும் அல்ல, நிலைபெற்ற சிகிச்சையும் அல்ல. ‘நிச்சயம்’ என்று அவர் சொன்ன வார்த்தை ஒன்றே போதும், விலகி வர. குருணையைப் பற்றி “தெரியாது, அதனால்தான் ஆய்வு செய்கிறோம்” என்று சொன்ன அரசு மருத்துவர் உங்களிடம் அதைவிட உண்மையாக நடந்துகொண்டிருக்கிறார். தம்பி முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். கணவரின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தார்களா என்று பாருங்கள். வேலையிலிருந்து திரும்பும் வழியில் நேர்ந்த விபத்தையும் பணி விபத்தாகக் கருதச் சட்டத்தில் இடமிருக்கிறது.

எலும்பு கூடுவது பாதி வேலை

எலும்பு கூடியும் நடக்க முடியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் படுத்திருந்து, பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடியே இறுகிவிடும், முழங்கால் மடங்காது, தொடை சூம்பிவிடும். பிறகு எந்தக் குருணையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே பிசியோதெரபியை எலும்பு கூடிய பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் இன்றே தொடங்குங்கள்: காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரு முனைகளையும் தன் பக்கமாக மெல்ல இழுத்துச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை செய்யலாம். தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் படுத்தபடியே செய்யலாம்.

குடியிருப்பில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நீங்கள் எப்போதும் அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். அடிபட்ட காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு எக்ஸ்ரேக்குப் பிறகும் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பயந்து ஊன்றாமலே இருப்பதும் தவறு, அவசரப்பட்டு ஊன்றுவதும் தவறு.

கடிதத்தின் கடைசி வரியில், “பீடியை மட்டும் விட மாட்டேன் என்கிறார், மனக்கவலைக்கு அதுதான் துணை என்கிறார்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகக் கவலை தந்த வரி அதுதான். நிகோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகிறது, கூடாமலே போகும் வாய்ப்பும் கூடுகிறது, சீழ் பிடிப்பதும் அதிகம். சொந்த எலும்பா, குருணை கலந்ததா என்பதைவிட, அவர் அடுத்த சில மாதங்கள் பீடியைத் தொடாமல் இருப்பதுதான் இந்தக் காலுக்கு உறுதியாக நன்மை செய்யும். திட்டி நிறுத்த முடியாது. வியாழக்கிழமை போகும்போது மருத்துவரிடம் அவர் முன்னாலேயே இதைச் சொல்லி, புகைப்பதை விடுவதற்கான ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சர்க்கரை அளவையும் அன்றே பார்த்துவிடுங்கள். அதற்குள் காய்ச்சலோ, கம்பி நுழையும் இடத்தில் சிவப்போ, நீரோ சீழோ தென்பட்டால் வியாழன்வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.